வில் வண்டியா, கட்டை வண்டியா?

நம் பாட்டன்மார் ஊரில் இருவகை மாட்டு வண்டிகளைப் பார்த்தவர்கள். ஒன்று வில் வண்டி. மற்றது கட்டை வண்டி. வில் வண்டியில் பண்ணையார் போவார். அவர் மேனி நோகக் கூடாது என்பதற்காக அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே இரும்பு வில்லை வளைத்து வைத்திருப்பார்கள். கட்டை வண்டியில் நெல் மூட்டை போகும். மூட்டைக்கு முதுகெலும்பா இருக்கிறது, நோவதற்கு? ஆகவே கட்டை வண்டிக்கு வில் கிடையாது. எந்த வண்டிக்கு வில் வைப்பது, எதற்கு வைக்காமல் விடுவது என்பதிலேயே யார் மனிதர், எது சுமை என்ற தீர்ப்பு அடங்கியிருந்தது.

அந்தப் பாட்டன்மார் கப்பலேறி வந்து, காட்டை அழித்து, கித்தா நட்டு, பால் வெட்டி, இந்த மண்ணோடு மண்ணாகிப் பல காலம் ஆகிவிட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் இன்று வேலைக்காட்டுக்குப் போவது தோட்டத்துப் பிக்கப் காடியில். அந்தக் காடியின் பின் அச்சுக்கு வில் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு பட்டையல்ல, இரண்டு பட்டையல்ல, ஏழு பட்டைகள் அடுக்கிய வில்! ஆனாலும் நாம் போவது கட்டை வண்டிப் பயணமாகவே இருக்கிறது. ஏன் என்று கேட்டோம். "பழைய காடி; ஸ்பிரிங் அப்படித்தான் இருக்கும். இரும்பை மெத்தையாக்க என்னால் முடியுமா?" என்று நிருவாகம் பதில் சொன்னது.

இந்தப் பதில் பொய். இரும்பைப் பற்றியும் பொய். நம்மைப் பற்றியும் பொய். அதை இங்கே மெய்ப்பித்துக் காட்டப் போகிறோம்.

பிடிக்க என்ன இருந்தது?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். நம் கிளையைச் சேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டிய தாய். விடியுமுன் பிரட்டு முடிந்து காடி கிளம்பியது. பின்னால் எட்டுப் பேர். முதலில் ஏறியவர்கள் முன்பக்கத் தகட்டில் சாய்ந்துகொண்டார்கள். கடைசியாக ஏறிய அந்த அம்மாவுக்குக் கிடைத்தது வால்பலகை ஓரம். செம்மண் சடக்கில் சிறு பாலம் ஒன்று. அதன் விளிம்பில் மழை அரித்த பள்ளம். பின் சக்கரம் அதில் விழுந்து எழுந்தது. அந்த அம்மாவும் உட்கார்ந்த இடத்தை விட்டு ஒரு சாண் உயரம் எழுந்தார். எழுந்தவர் வாளியின் மீதும் தகட்டின் மீதுமாக விழுந்தார். அன்று அவர் ஒரு மரமும் வெட்டவில்லை. இருவர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். மருத்துவ விடுப்பு வாரக் கணக்கில் நீண்டது.

அலுவலகத்தில் கிராணியார் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பிடித்துக்கொண்டு உட்காரத் தெரியாதா, அம்மா?"

எதைப் பிடிப்பது, கிராணியாரே? பக்கத் தகடு முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே. கைப்பிடி இல்லை, கம்பி இல்லை, பலகை ஆசனம் இல்லை. ஒரு கையில் வாளி. மறு கையில் சோற்றுத் தூக்கு. காற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?

ஒருவர் விழுந்ததால் மட்டும் எழுந்த கேள்வியல்ல இது. போவதற்கு 40 நிமிடம், வருவதற்கு 40 நிமிடம். மாதத்தில் 26 நாள். கூட்டிப் பாருங்கள்: 34 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நான்கு நாள் வேலைக்குச் சமமான நேரம் நாம் கூலியின்றி அந்தத் தகட்டின் மேல் குலுங்குகிறோம். விழுந்தவரின் நோவு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. விழாதவர்களின் நோவு இரவில் லயத்திலும் வீட்டிலும் தைலம் தேய்க்கும்போது மட்டும் தெரிகிறது.

பாலுக்காகக் கூட்டிய பட்டை

நாம் செய்தது பெரிய காரியம் ஒன்றுமல்ல. ஓட்டுநர் தோழரை உடன் வைத்துக்கொண்டு, ஓய்வு நாளில் காடியின் அடியில் குனிந்து பார்த்தோம், அளந்தோம். அவ்வளவுதான். உண்மை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

காடியைத் தயாரித்த கம்பெனி வைத்தது பக்கத்துக்கு ஐந்து பட்டைகள். மேலே நான்கு மெல்லிய பட்டைகள், வளைந்தவை. அடியில் ஒரு தடித்த பட்டை, ஏறக்குறைய நேரானது. இந்த அடுக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. பாரம் குறைவாக இருக்கும்போது மெல்லிய பட்டைகள் மட்டும் வளைந்து கொடுக்கும். பயணம் மெதுவாக இருக்கும். பாரம் ஏற ஏற அவை தாழ்ந்து, அடியிலுள்ள தடித்த பட்டையில் படியும். அப்போது அதுவும் சேர்ந்து சுமக்கும். ஒரே வில்லை ஆளுக்கும் சுமைக்கும் ஓரளவு பொருந்தும்படி அமைத்த அறிவு அது.

ஆனால் நம் தோட்டத்துக் காடியில் அந்த ஐந்தோடு வேறு நிறத்தில், வேறு தடிப்பில் இரண்டு பட்டைகள் செருகப்பட்டிருந்தன. லோரியிலிருந்து கழற்றிய பழைய பட்டைகள். எப்போது செருகினார்கள்? ஓட்டுநர் தோழர் சொன்னார்: ஒரு டன் சுமக்க வேண்டிய காடியில் கட்டிப்பால் மூட்டைகளை அதற்கு மேலும் அடுக்கி, இரண்டு நடையை ஒரு நடையாக்கிய காலத்தில். பின்பக்கம் தரையைத் தொடுமளவு தாழ்ந்தது. உடனே பட்டறைக்குப் போனது. இரண்டே நாளில் பட்டை கூட்டித் திரும்பியது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கம்பெனியின் மெல்லிய பட்டை 6 மில்லிமீட்டர் தடிப்பு. செருகியது 9 மில்லிமீட்டர். ஒன்றரை மடங்குதானே என்று எண்ண வேண்டாம். பட்டையின் விறைப்பு அதன் தடிப்பை மும்முறை பெருக்கிய கணக்கில் ஏறும். தடிப்பு இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. தடிப்பு ஒன்றரை மடங்கானால் விறைப்பு ஏறக்குறைய 3.4 மடங்கு. ஆகவே அகலமும் நீளமும் ஒன்றென்று கொண்டால், அந்த இரண்டு லோரிப் பட்டைகள் ஏறத்தாழ ஏழு மெல்லிய பட்டைகளுக்குச் சமம். நான்கு பேர் தூக்கிய பல்லக்குக்கு மேலும் ஏழு பேர் தோள் கொடுத்தால் பல்லக்கு அசையுமா? அசையாது. எட்டுத் தொழிலாளர்கள் ஏறி உட்கார்ந்தபின் அளந்தோம்: காடியின் பின்பக்கம் அரை அங்குலம்தான் இறங்கியது!

விறைத்த வில் என்ன செய்யும்? குலுக்கத்தின் வேகத்தைக் கூட்டும். எட்டுப் பேரோடு கம்பெனி வில் நொடிக்கு இரண்டு தடவைக்கும் குறைவாகத் தாழ்ந்து எழும். தொட்டில் ஆடுவது போல. இந்த ஏழு பட்டை வில்லோ நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் உதறுகிறது. அதோடு முடியவில்லை. பட்டைகளுக்கு நடுவே பல ஆண்டுத் துருவும் செம்மண்ணும் இறுகி, ஏழும் ஒரே இரும்புப் பாளமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சிறிய பள்ளங்களில் வில் வளைவதே இல்லை. அப்போது காடி துள்ளுவது டயரின் மேல் மட்டுந்தான்; அந்தத் துள்ளல் நொடிக்கு நான்கு தடவையை எட்டுகிறது.

நான்கு என்ற எண்ணை நினைவில் வையுங்கள். உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பும் வயிற்றுறுப்புகளும் மிக அதிகமாக அதிர்வது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரை குலுக்கும்போதுதான். உடலதிர்வை அளப்பதற்கென்று 2631 என்ற எண்ணில் சர்வதேசத் தரம் ஒன்று 1974-இலேயே வெளிவந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் சட்டமே இயற்றியது: உடல் முழுவதையும் குலுக்கும் அதிர்வு எட்டு மணி நேரக் கணக்கில் 0.5 என்ற அளவைத் தாண்டினால் முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுத்தாக வேண்டும், 1.15 என்ற அளவைத் தாண்டவே கூடாது. குலுக்கம் தலைவிதியல்ல; அளக்கக்கூடிய, குறைக்கக்கூடிய தொழில் ஆபத்து என்று உலகம் ஒப்புக்கொண்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் சடக்குக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை!

"இரும்பை நான் என்ன செய்ய முடியும்?" என்றார்களே, அவர்களைக் கேட்கிறோம்: அதே இரும்பைப் பாலுக்காக மாற்றினீர்களா இல்லையா? பால் மூட்டைக்கு இடைஞ்சல் வந்தபோது இரண்டே நாளில் பட்டறைக்குப் போன காடி, மனித முதுகுக்கு இடைஞ்சல் வந்தபோது ஏன் போகவில்லை? பாலுக்காகக் கூட்டத் தெரிந்த பட்டையை ஆளுக்காகக் குறைக்கத் தெரியாதா?

தெரியும். மனம் இல்லை. அதுதான் உண்மை.

சொல்லும் சாக்குகள்

ஒருவர் சொல்கிறார்: "இரண்டு மணல் மூட்டையைப் போட்டுக்கொண்டால் காடி குதிக்காது." பாரம் கூடினால் துள்ளல் குறையும் என்பது மெய்தான். ஆனால் கட்டாத மணல் மூட்டை வளைவில் நகரும். திடீர் பிரேக்கில் முன்னால் பாயும். அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் பிரேக் நிறுத்தியாக வேண்டும். மேலும் இந்த யோசனையின் பொருள் என்ன? சுமைக்கு ஏற்ற வில்லை ஆளுக்கு ஏற்றதாக்க மாட்டோம். ஆளோடு சுமையையும் சேர்த்து வில்லைத் திருப்திப்படுத்துவோம் என்பதுதானே? தலைக்கு ஏற்ற தொப்பி வாங்கச் சொன்னால் தொப்பிக்கு ஏற்பத் தலையைப் பெரிதாக்கச் சொல்கிறார்கள்!

இன்னொருவர் சொல்கிறார்: "சடக்கு மோசம், காடி என்ன செய்யும்?" சடக்கு யாருடையது? தோட்டத்தினுடையது. பள்ளத்தில் நான்கு லோரிக் கல் கொட்டி நிரவ வேண்டியவர் யார்? தோட்டத்தார். ஒரு குற்றத்துக்குச் சாட்சியாக இன்னொரு குற்றத்தைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். இரண்டையும் செய்தவர் ஒருவரே.

மற்றொருவர் ஓட்டுநரைக் கை காட்டுகிறார்: "அவன் வேகமாக ஓட்டுகிறான்." வேகம் கூடினால் அடி கடுமையாகும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் நடைக்கு இவ்வளவு என்று கூலி வைத்து, ஆளை இறக்கிவிட்டு உடனே அடுத்த நடைக்குத் திரும்ப வேண்டும் என்று விரட்டுவது யார்? ஓட்டுநரும் தொழிலாளிதான். தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் முடிச்சுப் போட்டுவிட்டு, முடிச்சைப் போட்டவர் நழுவுவதை நாம் அனுமதிக்க முடியாது.

கடைசிச் சாக்கு நம் பெரியவர்கள் சிலரிடமிருந்தே வருகிறது. அவர்களிடம் மரியாதையோடு பேசுகிறோம். "அந்தக் காலத்தில் நாங்கள் வாளியும் காண்டாவும் சுமந்து நடந்தே போனோம். இப்போது காடியில் போவதற்கும் குறை சொல்கிறீர்களே" என்கிறார்கள். ஐயா, நீங்கள் நடந்தது உண்மை. அன்று லயம் தோட்டத்துக்குள்ளே இருந்தது. பிரட்டுக் களத்திலிருந்து நிரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. பிறகு என்ன நடந்தது? 1950-களிலும் 1960-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. பல இடங்களில் லயங்கள் போயின. வாழ்ந்த இடத்திலிருந்தே மக்கள் வெளியேறினார்கள். அந்த நிலத்தைத் தொழிலாளர் பணத்தாலேயே மீட்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இன்று நம்மில் பலர் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வாடகை வீட்டில் இருக்கிறோம். பால் இறங்குவதோ விடியற்காலைக் குளிர்ச்சியில். வெயில் ஏறினால் மரத்தின் பால் அழுத்தம் குறைந்துவிடும். ஆகவே நம்மை இருட்டோடு கொண்டுபோய் இறக்குவது நமக்குச் செய்யும் உபகாரமல்ல. அவர்கள் பாலுக்குச் செய்யும் சேவை. நாம் சவாரி கேட்கவில்லை. அவர்கள் தேவைக்காக ஏற்றுகிறவர்கள் நம்மை முழுசாகக் கொண்டுபோய் முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

செய்ய வேண்டியது இதுதான்

"குறை சொல்லத் தெரிகிறது, வழி சொல்லத் தெரியுமா?" என்று கேட்பார்கள். தெரியும். இதில் ஒன்றுகூட ஆகாயத்துக் காரியமல்ல. சாதாரணப் பட்டறையில் நடக்கக் கூடியது.

முதலாவது, செருகிய இரண்டு லோரிப் பட்டைகளையும் இரு பக்கமும் எடுத்துவிட்டு, கம்பெனி வைத்த ஐந்து பட்டை அடுக்கைத் திரும்ப வைக்க வேண்டும். அதோடு ஒரு டன்னுக்கு மேல் பால் ஏற்றுவதையும் நிறுத்த வேண்டும். பால் மிஞ்சினால் இரண்டு நடை போகட்டும், அல்லது லோரி வரட்டும்.

இரண்டாவது, அடுக்கைப் பிரித்து ஒவ்வொரு பட்டையையும் கம்பித் தூரிகையால் துரு போகத் தேய்க்க வேண்டும். வெடித்த பட்டை, தளர்ந்து நேராகிவிட்ட பட்டை இருந்தால் இரு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும். பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவ வேண்டும், அல்லது முனைகளில் வழுக்குத் தகடு வைக்க வேண்டும். ஒட்டிக் கிடந்த பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று நழுவினால்தான் வில் வில்லாக வேலை செய்யும்.

மூன்றாவது, பட்டையின் இரு முனையிலும் ஷாக்கிளிலும் உள்ள ரப்பர் புஷ்களைப் புதிதாக மாற்ற வேண்டும். நாம் வெட்டிக் கொடுக்கும் ரப்பர், நம் முதுகுக்கு அடியில் மட்டும் தேய்ந்து கிடக்கிறது! இந்த போல்டுகளைக் கடைசியாக முறுக்குவது காடி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான் நடக்க வேண்டும். தூக்கி நிறுத்தியபடியே முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு மறுபடியும் விறைக்கும், சீக்கிரம் கிழியும்.

நான்காவது, அப்சார்பர் நான்கையும் சோதித்து, எண்ணெய் கசிந்தவற்றை மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப் போடக் கூடாது. இதுவரை ஆட்டத்தைத் துரு பிடித்து அடக்கிக்கொண்டிருந்தது. துரு போனபின் அந்த வேலையை அப்சார்பர்தான் செய்ய வேண்டும். அது செத்துக் கிடந்தால் உதறிய காடி இனிக் கப்பல்போல் ஊசலாடும்.

ஐந்தாவது, டயர் காற்று. பால் மூட்டைக்காகக் கல்போல் ஏற்றிய காற்றோடு விடியற்காலையில் ஆளை ஏற்றுகிறார்கள். ஓட்டுநர் கதவோரத் தகட்டில் எந்தப் பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று கம்பெனியே பொறித்திருக்கிறது. அதன்படி காலையில் ஓர் அளவு, பால் ஏற்றும்போது ஓர் அளவு வைக்க வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஆறாவது, உட்காரும் இடம். பின் அச்சுக்குப் பின்னால் போகப் போக உதறல் அதிகம்; அச்சுக்கு முன்னால் குறைவு. ஆகவே முன்பக்கம் ஒட்டி உறுதியாகப் பொருத்திய ஆசனம், முதுகுச் சாய்வு, கைப்பிடி, மார்பளவு உயரக் கம்பி வேண்டும். வால்பலகை ஓரத்தில் யாரும் உட்காரக் கூடாது. வாளிகளைத் தனியே கட்டி வைக்க வேண்டும்.

நம் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நிருவாகத்துக்குச் சொன்னதோடு நாம் நின்றுவிட முடியாது. நம்மவர் சிலர் ஆத்திரத்தில், "இரண்டு பட்டையை உருவி எறிந்துவிட்டால் போச்சு, யாரைக் கேட்பது?" என்கிறார்கள். வேண்டாம், தோழர்களே! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை இந்த விஷயத்தில் நாம் மெய்யாக்கிவிடக் கூடாது.

எந்தப் பட்டையை உருவுகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. மேலுள்ள மெயின் பட்டைதான் அச்சைக் காடியோடு பிணைத்திருக்கிறது. பல காடிகளில் அதற்கு அடுத்த பட்டை மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றி அணைத்திருக்கும். மெயின் பட்டை உடைந்தாலும் அச்சு பிய்த்துக்கொண்டு போகாமல் காப்பது அதுதான். மெல்லியதாகத் தெரிகிறதே என்று அதை உருவினால் காப்பாளனைக் கொன்றுவிட்டோம் என்று பொருள். பட்டையை நெருப்பில் காய்ச்சி வளைப்பதும், அதன்மேல் வெல்டிங் வைப்பதும் அப்படித்தான்; இரும்பின் பதம் போய்விடும், ஒருநாள் பாலத்தின் மேல் முறியும். ஒரு பக்கம் மட்டும் குறைத்தால் காடி சாயும்.

அடுக்கைக் குறைத்தபின் பழைய நீண்ட யூ போல்டையே திரும்ப மாட்டுவது இன்னொரு தவறு. இழுபட்ட போல்ட் மறுபடியும் இறுகப் பிடிக்காது. புதிது போட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் முறுக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில பிக்கப் காடிகளில் பின் அச்சோடு ஒரு தண்டு இணைத்திருக்கும். காடி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. பட்டையை எடுத்துக் காடி தாழ்ந்தால், வெறுங்காடியையும் பாரக் காடி என்று அது நம்பிவிடும். ஈரச் சடக்கில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பட்டையை மாற்றியபின் அதையும் சரிசெய்ய வேண்டும்.

ஆகவே இது பட்டறைக்காரர் செய்ய வேண்டிய வேலை. தோட்டம் பணம் கொடுக்க வேண்டிய வேலை. நாம் மேற்பார்க்க வேண்டிய வேலை. இரவோடு இரவாக நாமே கழற்றினால் நாளை ஏதாவது நேர்ந்தபோது பழி முழுவதும் நம் தலையில் விழும். அவர்களுடைய குற்றத்துக்கு நாமே ரசீது எழுதிக் கொடுக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், யந்திரங்களையும் வேலை முறைகளையும் இயன்றவரை ஆபத்தின்றி அமைத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது. விடியற்காலையில் நம்மை வேலைக்காட்டுக்குக் கொண்டுபோகும் தோட்டத்துக் காடி தோட்டத்தின் யந்திரம் இல்லையென்றால் வேறு யாருடையது? 2022-இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. இந்தக் கடமையை மீறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளிக்கு உயர்ந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்ற உரிமையும் அந்தத் திருத்தத்தில் சேர்ந்தது. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா? இருந்தால் அதன் அடுத்த கூட்டத்தில் இந்த வில்லைப் பேச வையுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

சொக்சோவைப் பற்றியும் ஒரு சொல். 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்தும் தொழில் விபத்தாகவே கொள்ளப்படும். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கும் தொழில் விபத்துப் பாதுகாப்பு உண்டு. நம்மோடு அதே தகட்டின் மேல் குலுங்கும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். வில் மொழி பார்த்து உதறுவதில்லை. இனம் பார்த்து முதுகை உடைப்பதில்லை. காடியில் அடிபட்டால், "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று பேசாமல் போய்விடாதீர்கள். அன்றே சொல்லுங்கள், நேரம், இடம், காடி, உடனிருந்தவர் பெயர் எல்லாம் எழுத்தில் வரட்டும். எழுதாத நோவுக்குச் சாட்சி கிடையாது.

நாம் கேட்பது

வில்லை மெதுவாக்கிவிட்டால் நம் வழக்கு முடிந்துவிட்டது என்று யாரும் கருத வேண்டாம். எவ்வளவு மெதுவாக்கினாலும் பிக்கப் காடி பஸ் ஆகாது. பொருள் ஏற்றப் பிறந்த காடி பொருள் ஏற்றட்டும். ஆளை ஏற்ற, கூரையும் ஆசனமும் கதவும் உள்ள வேன் வரட்டும். ஒரே வில் இரண்டு எஜமானர்களுக்கு முழுமையாக ஊழியம் செய்ய முடியாது. நம் முடிவான கோரிக்கை தனி வாகனம். ஆனால் அந்த வேன் வரும்வரை நம் முதுகெலும்பு காத்திருக்குமா? ஆகவேதான் மேலே சொன்ன ஆறு வேலைகளையும் இப்போதே செய்யச் சொல்கிறோம். இவை வேனுக்குப் பதில் அல்ல; வேன் வரும்வரை.

அதுவரை ஒவ்வொரு கிளையிலும் தோழர்கள் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். அளவு நாடா ஒன்று போதும். காடி வெறுமையாக நிற்கும்போது பின் சக்கர வளைவிலிருந்து தரைவரை அளந்து எழுதுங்கள். பிறகு வழக்கமாகப் போகும் ஆட்கள் அனைவரும் ஏறி உட்கார்ந்தபின் அதே இடத்தில் அளந்து எழுதுங்கள். காற்று எவ்வளவு, பட்டை எத்தனை, அதில் நிறமும் தடிப்பும் வேறான பட்டை உண்டா என்பதையும் குறியுங்கள். ஓட்டுநரையும் வைத்துக் கையெழுத்திட்டுக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். "குலுங்குகிறது ஐயா" என்று நாம் சொன்னால் கேட்பவர் சிரிக்கிறார். "எட்டுப் பேர் ஏறியும் அரை அங்குலம்தான் இறங்குகிறது, உங்கள் பட்டை 9 மில்லிமீட்டர்" என்று காகிதத்தை நீட்டினால் சிரிக்க முடியாது.

மூட்டைக்கு வில் வேண்டாம் என்று தீர்ப்பளித்த பண்ணையார் காலம் போய்விட்டது என்கிறார்கள். போய்விட்டதா என்பதை அவர்கள் பேச்சில் தேட வேண்டாம், தோழர்களே. காடியின் அடியில் குனிந்து பாருங்கள். பட்டைகளை எண்ணுங்கள். நம்மை மனிதராக எண்ணியிருக்கிறார்களா, மூட்டையாக எண்ணியிருக்கிறார்களா என்பது அங்கேதான் இருக்கிறது. எண்ணிவிட்டு, எழுதிக்கொண்டு, சங்கத்துக்கு வாருங்கள்!